பதில் சொல்லாத தன்னார்வலர்கள்: சித்தூர் எல்லையில் ஓர் இணையக் குழு உயிர்பெற்ற விதம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று வரிசையாக உள்ள பஞ்சாயத்துகளில் வீட்டிலும் சந்தையிலும் பெரும்பாலும் தமிழ்தான் புழங்குகிறது. பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போய்வருவது அன்றாட வழக்கம். ஆனால் நில வரி ரசீது முதல் ரேஷன் கார்டு வரை கைக்கு வரும் காகிதம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த இந்தத் தாலுகா, 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தின் முன் உட்காரும்போது அந்த வரலாற்றின் கனம் முழுவதும் அதன் தலையில் இறங்குகிறது.

இங்கே நான் விவரிக்கப்போகும் வாட்ஸ்அப் குழு, இந்த இடைவெளியில் வளர்ந்தது. உறுப்பினர்களின் வேண்டுகோளின்படி குழுவின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்க்கிறேன். தொடக்கத்திலிருந்தே உறுப்பினராக இருந்து, நடந்தவற்றை அருகிலிருந்து பார்த்து எழுதுகிறேன். கேரளத்தின் மற்ற தமிழ்ப் பகுதிகளில் இதேபோன்ற குழுக்களை நடத்துகிறவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

வெள்ளத்தில் பிறந்து, வெள்ளம் வடிந்ததும் அடங்கியது

குழு 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது தொடங்கியது. அந்த மாதம் கேரளத்தில் பெரும்பாலான அணைகளைத் திறக்க வேண்டியிருந்தது. இடுக்கி அணையின் ஐந்து மதகுகளும் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாநில அளவில் தன்னார்வலர்கள் ஓர் இணையதளத்தை எழுப்பி, உதவி கேட்டவர்களின் விவரங்களைத் தொலைபேசியில் சரிபார்த்து மீட்புக் குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வேலை எளிமையானது: அரிசி, போர்வை, குழந்தைகளுக்கான பால்பொடி ஆகியவற்றைச் சேர்ப்பது, எந்த முகாமுக்கு எது தேவை என்று கேட்டறிவது, வண்டி பிடித்து அனுப்புவது. அந்த நாட்களில் குழு தூங்கவே இல்லை. கோழிப்பண்ணைக்காரரும் கல்லூரி மாணவரும் கள் இறக்கும் தொழிலாளியும் ஒரே வரிசையில் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்ததால் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது.

முகாம்கள் கலைந்தபின், இவ்வளவு பேர் சேர்ந்த இடத்தை விட்டுவிட வேண்டாமே என்று ஒருங்கிணைப்பாளர்கள் அதைத் தகவல் குழுவாக மாற்றினார்கள். பி.எஸ்.சி. வேலைத் தேர்வு அறிவிப்புகள், கல்வி உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர் உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் மஸ்டரிங் நாள், ஆழியாற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் தேதி எல்லாம் அதில் வந்தன. நோக்கம் நல்லது. ஆனால் சில மாதங்களில் இரண்டு மூன்று பேர் மட்டும் எழுதுகிறவர்களாகவும் மற்ற எல்லோரும் படிக்கிறவர்களாகவும் ஆனார்கள். பிறகு படிப்பதும் குறைந்தது.

இணையச் சமூகங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய ஒரு கணக்கு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது: நூறு பேரில் தொண்ணூறு பேர் பார்வையாளர்கள், ஒன்பது பேர் எப்போதாவது பங்களிப்பவர்கள், ஒருவர்தான் ஓயாமல் பங்களிப்பவர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதைக் காணலாம். அந்த ஆண்டு நவம்பரில் எழுதத் தொடங்கிய இ. மயூரநாதன் தனியொருவராக ஆயிரக்கணக்கான கட்டுரைகளை உருவாக்கியிருக்கிறார். கலைக்களஞ்சியத்துக்கு அப்படிப்பட்ட ஒருவர் பெரும் கொடை. ஊர்க்குழுவுக்கு அது போதாது. நிலத்துக்கான கைவசச் சான்று வாங்க வடகரப்பதியில் என்ன ஆவணம் கேட்கிறார்கள் என்பது, போன வாரம் அங்கே வரிசையில் நின்றவருக்குத்தான் தெரியும். அவர் பேசாத குழுவில் எவ்வளவு பதிவுகள் வந்தாலும் தகவல் வராது.

எண்ணிக்கை ஏறியது, கேள்வி ஏறவில்லை

குழுவை எழுப்ப ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தன்னார்வலர்களைப் பதிவு போடுகிறவர்களாக நியமித்தார்கள். ஒருவருக்குக் காலை வணக்கமும் திருக்குறளும், இன்னொருவருக்குப் பொது அறிவு வினா, வேறொருவருக்கு வேலைவாய்ப்புச் செய்தி. ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை பதிவுகள் என்று இலக்கும் இருந்தது. அதிகமாகப் பதில் எழுதுகிறவருக்கு மாத இறுதியில் ஒரு புத்தகம் பரிசு.

குழுவில் செய்திகள் கொட்டின. கூப்பிய கைகளும் பூங்கொத்துகளும் நிறைந்தன. வெளியிலிருந்து பார்த்தால் உயிரோட்டமான குழு. ஆனால் அதற்குள் மேலே போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிந்தது. எருத்தேம்பதிப் பக்கத்து அம்மா ஒருவர், "மகளுக்கு நேட்டிவிட்டி சான்று வேண்டும், அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியது, ஒப்புக்கொள்வார்களா?" என்று கேட்டிருந்தார். நேட்டிவிட்டி என்பது கேரளத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று; எல்லை ஊர்களில் பல வீடுகளுக்கும் பொதுவான சிக்கல் இது. அவர் கேள்விக்கு மேலே ஒரு குறள், கீழே ஒரு வினாடிவினா. யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அதன்பின் குழுவில் எதுவும் எழுதவில்லை. பலர் குழுவின் ஒலியை அணைத்துவிட்டார்கள். அணைத்தவர்களைத் திரும்ப அழைத்துவருவது, புதிதாக ஒருவரைச் சேர்ப்பதைவிடக் கடினம்.

தன்னார்வலர்களை வைத்து ஈடுபாட்டைக் கூட்ட நினைக்கும் பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்தில்தான் வழிதவறுகின்றன என்பது என் துணிபு. பேச ஆள் குறைவாக இருப்பதால், பேசுவதற்கு ஆள் போடுகிறார்கள். உறுப்பினர் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் பேச்சுப் பஞ்சம் அல்ல. தான் பேசினால் யாராவது கேட்பார்களா என்ற ஐயம்தான்.

வேலை மாறியது

திருப்பம் ஒரு தையல்கடை நடத்தும் அக்காவால் வந்தது. கொழிஞ்சாம்பாறையில் அவரது கடை பெண்கள் வந்து உட்காரும் இடம். குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாத பெண்கள் அவரிடம் வந்து, "அக்கா, மஸ்டரிங்குக்கு மாமியாரை அக்ஷயாவுக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டுமா? படுத்த படுக்கையாக இருக்கிறார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்ஷயா என்பது கேரள அரசின் இணையச் சேவை மையம். ஏன் குழுவில் கேட்கக்கூடாது என்றால், "முன்பின் தெரியாத ஆண்கள் இருக்கும் இடத்தில் என் நம்பர் தெரியுமே" என்றார்கள். வீட்டுச் சங்கடத்தை ஊருக்குச் சொல்வானேன் என்ற தயக்கமும் இருந்தது.

அக்கா, கேட்டவரின் சம்மதத்தோடு கேள்வியை மட்டும் எடுத்துத் தன் குரலில் குழுவில் போட்டார்: "ஒரு சகோதரி கேட்கிறார், படுக்கையில் உள்ள முதியவருக்கு மஸ்டரிங் எப்படிச் செய்வது? உங்கள் வீட்டில் யாராவது செய்திருக்கிறீர்களா?" அன்று மாலைக்குள் நான்கைந்து வீட்டுக்காரர்கள் எழுதினார்கள். அக்ஷயா மையத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டுக்கே வந்து விரல்ரேகை எடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். விரல்ரேகை பதியாவிட்டால் என்ன செய்தார்கள் என்று இன்னொருவர் விளக்கினார். அதுவரை பூங்கொத்து மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்.

இதைக் கவனித்த ஒருங்கிணைப்பாளர்கள் பதிவு இலக்குகளையும் பரிசையும் நிறுத்தினார்கள். தன்னார்வலர்களை வீடு வீடாகத் தேடிப் புதிதாகச் சேர்த்தார்கள். நிறையப் படித்தவரா, நன்றாக எழுதுகிறவரா என்று பார்க்கவில்லை. ஊரில் யாரிடம் போய் மக்கள் இயல்பாகக் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். தையல்கடை அக்கா, ரேஷன் கடையில் எடை போடும் இளைஞர், வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சார், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பின் அயல்கூட்டச் செயலாளர், தமிழில் பட்டம் படிக்கும் ஒரு மாணவி என்று கலவையான அணி அமைந்தது.

அவர்களுக்குக் கொடுத்த வேலை வினோதமாகப் படலாம். பதில் தெரிந்தாலும் முதலில் சொல்லக்கூடாது.

கேள்வி வந்தவுடன் பெயர் சொல்லி, "பார்த்தோம் அண்ணா, கேட்டுச் சொல்கிறோம்" என்று ஒரு வரி. அடுத்து, அதே அனுபவத்தைக் கடந்துவந்த உறுப்பினர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது: "மீனாட்சிபுரம் டீச்சர், நீங்கள் போன ஆண்டு வெள்ளை ரேஷன் கார்டை முன்னுரிமைப் பிங்க் கார்டாக மாற்றினீர்களே, கொஞ்சம் சொல்லுங்களேன்." அழைக்கப்பட்டவர் பேசுவார். மாலை வரை யாரும் பேசவில்லை என்றால் அல்லது சொல்லப்பட்டது தவறு என்றால்தான் தன்னார்வலர் தானே பதில் எழுத வேண்டும். உயிர், மருத்துவம், கடைசித் தேதி சம்பந்தமான கேள்விகளுக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது.

இதற்கு ஆதாரமாக ஒரு நோட்டுப் புத்தகம் உருவானது. மாணவி பராமரித்தார். யார் எந்தக் காரியத்தை முடித்திருக்கிறார் என்ற பட்டியல்தான் அது: லைஃப் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டியவர், தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கான கிளார்க் தேர்வு எழுதியவர், மகனுக்குக் கல்வி உதவித்தொகை வாங்கியவர், தண்டப்பேர் எனும் நில வரிக் கணக்கில் பெயர் மாற்றியவர். ஒருவருக்கு உதவி கிடைத்ததும் அவர் பெயரும் பட்டியலில் ஏறும். அடுத்த முறை அதே கேள்வி வரும்போது அழைப்பு அவருக்குப் போகும். நேற்றுக் கேட்டவர் இன்று சொல்கிறவராக ஆவதற்கு இதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை. உதவி பெற்றவருக்கு அதைத் திருப்பித் தர ஆசை இருக்கிறது. யாராவது வாய்ப்புக் கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கில விக்கிப்பீடியா 2012இல் தொடங்கிய தேநீர் இல்லம் என்ற பகுதியும் புதியவரை வரவேற்று, அவரது கேள்விக்கு முகம் சுளிக்காமல் துணைநிற்பதற்காக அனுபவமுள்ள தன்னார்வலர்களை அமர்த்திய ஏற்பாடுதான். எங்கள் அக்காவுக்கு அதைப் பற்றித் தெரியாது.

குரலும் தமிழும்

இன்னும் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது எழுத்து. தமிழில் தட்டச்சு செய்யப் பழகாதவர்கள், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் கேலி செய்வார்களோ என்று அஞ்சினார்கள். எழுதப் படிக்கவே தெரியாத மூத்தவர்கள் பலர். குரல் பதிவில் கேட்கலாம் என்று அறிவித்தபின் பாட்டிகள் பேசத் தொடங்கினார்கள். ஆனால் குரல் பதிவில் பிறகு தேட முடியாது. அதனால் ஒவ்வொரு குரல் கேள்விக்கும் கீழே அதன் சுருக்கத்தை ஒரு வரியில் தமிழில் எழுதுவது ஒரு தன்னார்வலரின் பொறுப்பாயிற்று. யார் கண்ணிலும் படாத வேலை. ஆறு மாதம் கழித்துத் தேடி வருகிறவருக்குப் பதில் கிடைப்பது அதனால்தான்.

இரண்டாவது தடை, தமிழில் கேட்டால் அரசு அலுவலகத்தில் ஒன்றும் நடக்காது என்ற ஆழ்ந்த நம்பிக்கை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் மாநில அரசுடனும் துறைத் தலைவர்களுடனும் தங்கள் பகுதியிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுடனும் தம் மொழியில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளவும், பதிலை அதே மொழியில் பெறவும் இடம் தருகிறது. ஓய்வுபெற்ற சார் இதைக் குழுவில் விளக்கியபோது பலருக்கு அது புதுச் செய்தி. அவர் சொல்லிவிட்டு நிற்கவில்லை. முதியோர் ஓய்வூதிய மனு, வரி ரசீதுத் திருத்தம், தெருவிளக்குப் புகார் போன்றவற்றுக்குத் தமிழ் மாதிரி மனுக்களை உறுப்பினர்களைக் கொண்டே எழுதவைத்தார். தமிழில் மனு கொடுத்து, தமிழில் பதில் வாங்கிய ஒருவர் அந்தக் கடிதத்தைப் படமெடுத்துப் போட்ட நாளில் குழு முழுதும் அதைப் பற்றியே பேசியது. உரிமை பற்றிய நூறு முழக்கங்களைவிட அந்த ஒரு கடிதம் அதிகம் பேரை எழுதத் தூண்டியது. அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த நாள்.

பொறுப்பும் பயமும்

குழு விறுவிறுப்பானதும் வதந்தியும் வந்தது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் கணக்கிட்டு விடப்பட வேண்டும். மழைமறைவில் உள்ள கிழக்குப் பஞ்சாயத்துகளில் நெல்லுக்கும் தென்னைக்கும் அதுவே உயிர். தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று பழைய படமொன்றைக் காட்டி ஒரு செய்தி பரவினால், மறுநாள் சாலையில் கூட்டம் சேரும். தண்ணீர்ச் செய்திகளை உறுதிசெய்வதற்கென்றே பாசன விவசாயி ஒருவர் பொறுப்பேற்றார். வாய்க்காலில் நேரில் பார்த்தவர் யார், எந்த மதகு, எப்போது என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியைச் சரிபார்க்கப்படாதது என்று குறித்துவிடுவார். நீக்கமாட்டார். நீக்கினால் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் பிறக்கும்.

அட்மினாகச் சேரப் பலர் அஞ்சினார்கள். யாரோ போடும் பதிவுக்குத் தான் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்குமோ என்ற பயம். 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம், உறுப்பினர் ஒருவர் போடும் ஆட்சேபகரமான பதிவுக்கு அட்மின் என்ற காரணத்துக்காகவே ஒருவரைக் குற்றப்பொறுப்பாளி ஆக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அன்றைய நிலையில் அட்மினுக்குத் தனி அதிகாரம் கிடையாது என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இதைத் தமிழில் எளிமையாக எழுதிக் கொடுத்தபின் பெண்கள் இருவர் அட்மின் பொறுப்பை ஏற்றார்கள். ஆதார் படத்தையோ வங்கிப் புத்தகத்தையோ யாராவது போட்டால் உடனே அழிப்பதே அவர்களின் முதல் கடமை. அதே ஆண்டு இறுதியில் வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி வசதி வந்ததும், பஞ்சாயத்து வாரியாகச் சிறு குழுக்களைப் பிரித்து ஒரே குடையின்கீழ் வைத்தார்கள். அதன் அறிவிப்புப் பகுதியில் பிற உறுப்பினர்களின் எண் தெரியாது. பெண்களின் பழைய தயக்கத்தில் ஒரு பகுதி அதனால் நீங்கியது.

தன்னார்வலர் களைத்துப்போகும்போது

ஓய்வுபெற்ற சாருக்கு இரவு பதினொன்றுக்கும் அழைப்பு வரத் தொடங்கியது. வில்லேஜ் ஆபீஸ் சம்பந்தமான எதற்கும் அவரே கதி என்று ஆனது. மறுக்கத் தெரியாத மனிதர். உடல்நிலை பாதித்து ஒருநாள் குழுவிலிருந்தே விலகிவிட்டார். சில வாரங்களுக்கு நிலம் தொடர்பான கேள்விகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன.

தன்னார்வ உழைப்பைக் கணக்கில்லாமல் உறிஞ்சியதால் பெரிய நிறுவனங்களே சிக்கலில் மாட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் 1990களில் தன் அரட்டை அறைகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தியது. குறைந்தபட்ச நேரம், பணி அறிக்கை என்று ஊழியர்களுக்கு உரிய விதிகள் அவர்களுக்கும் இருந்தன. 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் இழுத்து, 1.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் அதை முடித்தது. 2023 ஜூனில் ரெட்டிட் என்ற விவாதத் தளம் வெளிச் செயலிகளுக்கான கட்டணக் கொள்கையை மாற்றியபோது, அதன் ஆயிரக்கணக்கான உட்குழுக்களைத் தன்னார்வ நெறியாளர்கள் பூட்டிப் போராடினார்கள். எங்கள் குழுவில் பணம் புழங்குவதில்லை. ஆனாலும் ஒருவரின் நல்ல மனதை எல்லையற்றதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கும் ஒன்றுதான்.

சார் திரும்பி வந்தபோது நிபந்தனைகளோடு வந்தார், அவை இப்போது எல்லோருக்கும் பொது. ஒரு வாரம் பணி, அடுத்த வாரம் கட்டாய ஓய்வு. இரவு எட்டு மணிக்குமேல் தனி அழைப்பு கிடையாது. ஒவ்வொரு துறைக்கும் குறைந்தது இரண்டு பேர். தனிப்பட்ட முறையில் கேட்கப்படும் எந்தக் கேள்வியும், கேட்டவரின் பெயரில்லாமல் குழுவுக்கு வந்தாக வேண்டும். சாரின் தலையில் இருந்த அறிவு ஊரின் அறிவாக மாறியதற்குக் காரணம் இந்தக் கடைசி விதிதான். நன்றி சொல்வதற்கும் ஒரு முறை வைத்தார்கள்: ஓணத்துக்கும் பொங்கலுக்கும் இடையில் ஒருநாள் எல்லோரும் நேரில் கூடி, அந்த ஆண்டு யாருடைய பதிலால் எந்தக் காரியம் நடந்தது என்று உதவி பெற்றவரே எழுந்து சொல்வார். சான்றிதழ், கேடயம் எதுவும் இல்லை.

எங்கே வந்து நிற்கிறது

குழுவின் நிலையை அளக்க இப்போது ஒரே ஒரு கணக்குத்தான் வைக்கிறார்கள். பதில் இல்லாமல் ஓர் இரவைக் கடந்த கேள்விகள் எத்தனை? மாணவி அதை நோட்டில் சிவப்பு மையில் குறிக்கிறார். முன்பு பக்கம் பக்கமாக இருந்த சிவப்பு வரிகள் இப்போது மாதத்துக்குச் சில வரிகளாகச் சுருங்கியிருக்கின்றன. மொத்தச் செய்திகளின் எண்ணிக்கை பரிசுப் போட்டிக் காலத்தைவிடக் குறைவு. எழுதுகிறவர்களின் எண்ணிக்கை அதிகம். மஸ்டரிங் காலம் வந்தால் அந்தக் கேள்விகளுக்குத் தன்னார்வலர் யாரையும் அமர்த்துவதில்லை; முந்தைய ஆண்டுகளில் கேட்டவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

முதலமடைப் பக்கத்துக் குழு மட்டும் இன்னும் எழவில்லை. மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் அதே தோப்புகளுக்குக் கூலிக்குப் போகிறவர்களும் அங்கே ஒரே குழுவில் இருக்கிறார்கள். கூலிக்காரர் வீட்டுப் பெண், முதலாளி பார்க்கும் இடத்தில் கூலி பற்றியோ ஓய்வூதியம் பற்றியோ கேட்கத் துணிவதில்லை. பெயரில்லாமல் போட்டாலும் யார் கேட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் கட்டத்தில் அங்கே நியமிக்கப்பட்ட தன்னார்வலர்கள் எல்லோரும் தோப்புக்காரர் வீட்டுப் படித்த பிள்ளைகள். நல்லவர்கள்தான், ஆனால் அவர்களிடம் போய்க் கேட்கும் வழக்கம் கூலிக்காரர் குடியிருப்பில் இல்லை. ஆகவே குடியிருப்பிலேயே அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் ஒருவரையும், முதலமடைக்கும் பொள்ளாச்சிக்கும் வேன் ஓட்டும் ஒரு தம்பியையும் பொறுப்பாக்கி, அவர்களுக்கென்று தனிக் குழு ஒன்றை இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறார்கள். குரல் பதிவுகள் மட்டும் வருகின்றன. லைஃப் வீட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டால் எங்கே முறையிடுவது என்று கேட்டு வந்த முதல் பதிவுக்கு, எருத்தேம்பதியில் அதே நிலையில் இருந்து பெயர் சேர்த்துக்கொண்ட அம்மாவை அந்தத் தம்பி அழைத்துப் பேசவைத்திருக்கிறார்.